அடைக்கலத்தின் தீர்மானம்

வலக் கை உள்ளே போய்விட்டது. இடக் கைதான் மடங்க மறுத்தது. அடைக்கலமேரி புருஷனின் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. அன்றைக்குத் தோள் பிடிக்கிறது என்று கோயில் வாசலிலேயே முனகினான் பிலவேந்திரன். இப்போது அதற்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது.

"விடு அடைக்கலம். முதுகுப் பக்கம் கிழிச்சிட்டுப் போட்டுடலாம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு.

"வேணாங்க்கா. கிழிக்க வேணாம்."

"வெறைச்சிப் போச்சேடி."

"போயிடும். கொஞ்சம் இருங்க."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாளாக இருந்தால், 'புருசன் சட்டையக் கிழிக்கச் சொல்றியே, ஒன் ரவிக்கையக் கிழிச்சித் தரியா' என்று அவள் கேட்டிருப்பாள். அந்தத் தெருவில் அவள் வாய் அப்படிப் பேர் வாங்கியது. இன்று காலையிலிருந்து அவள் குரல் சுவரைத் தாண்டவில்லை. விடியலில், கோயிலில் திருந்தாதி மணி அடித்துக்கொண்டிருந்தபோது, பிலவேந்திரன் எழுந்து உட்கார்ந்து இருமினான். இருமல் நிற்கவில்லை. அவள் ஏந்திய பித்தளைச் சொம்பு நிறைந்து கையில் வழிந்தது. மணி ஓய்ந்தபோது அவன் தலை அவள் தோளில் கிடந்தது. அப்போதும் அவள் கத்தவில்லை. மகள் தெரேசை எழுப்பி, "உபதேசியாரக் கூட்டிட்டு வா கண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

"வாய விட்டு அழு தாயே. உள்ள வெச்சிக்கிட்டு இருக்காத" என்றாள் ஒருத்தி.

சட்டைக் கை ஒருவழியாக ஏறியது. அடைக்கலம் பித்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். கழுத்துப் பித்தானை மட்டும் விட்டுவிட்டாள். அவனுக்கு அது பிடிக்காது.

குவாரியில் சுண்ணாம்புக்கல்லுக்குத் துளை போடுகிற வேலை அவனுக்கு. பதினேழு வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீரை ஊற்றுவாள். ஊற்றும்போதே தொடங்கிவிடுவாள்.

"மூக்குல துணி கட்டுய்யான்னு குடுத்தேனே, அது எங்க? பீடி சுருட்டி வெச்சிருக்கியா அதுல? கல்லுல இருக்கற தூசியெல்லாம் நீயே தின்னுட்டா, சிமெண்டுக்காரனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

அவன் சிரிப்பான். அதிகம் பேசாதவன். அவள் திட்டத் திட்ட அவன் முகம் இளகும். ஒருமுறை அவள் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாள் பேசாமல் கிடந்தபோது, வீட்டுக்குள் வர வழி தெரியாதவன்போல வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

தை மாதத்தில் முதல்தடவை சளியில் ரத்தம் வந்தது. அரியலூர் போகிற பஸ்ஸில் வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டு போனாள். நடுவில், சத்தத்தைக் குறைக்கச் சொன்ன கண்டக்டரையும் சேர்த்துத் திட்டினாள். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். கல்தூசியோடு காசமும் சேர்ந்திருக்கிறது என்றார். ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஊசி போட்ட இடம் வலிக்கிறது, மாத்திரை குமட்டுகிறது என்று அவன் முகத்தைத் திருப்பினால், தம்ளரோடு முன்னால் நின்றுகொள்வாள்.

"முழுங்குய்யா. வாய் என்ன தபால்பெட்டியா, போட்டது உள்ளயே கெடக்க?"

முழுங்குவான். ஒரு மாதத்தில் கொஞ்சம் தேறினான்கூட.

பிறகு ஒரு மத்தியானம். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அடுப்புச் சூட்டில், அன்றைக்கு இருந்த அலுப்பில், அவள் வாயில் வந்துவிட்டது.

"இப்படித் துளித் துளியா உசுர வாங்கறதுக்கு ஒரேயடியாப் போய்ச் சேரலாம் நீ!"

பிலவேந்திரன் வழக்கம்போலச் சிரித்தான். மூலையில் பாடம் படித்துக்கொண்டிருந்த தெரேசுதான் புத்தகத்தை வைத்துவிட்டு அழுதாள். பதின்மூன்று வயதுப் பெண். சத்தம் வராமல் அழுதாள். அடைக்கலம் தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல நின்றாள்.

அந்த வாரம், பாஸ்காவுக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் தபசு காலத்துக்கு முந்தைய வாரம். கோயிலில் மூன்று நாள் தியானம் வைத்திருந்தார்கள். திருச்சியிலிருந்து பிரசங்கத்துக்கு வந்த சாமியார் கடைசி நாளில் சொன்னார்: "நாப்பது நாளைக்கு ஒரு தீர்மானம் எடுங்க. பெரிசா வேணாம். கறி தின்ன மாட்டேன், காப்பி குடிக்க மாட்டேன், அதெல்லாம் சுலபம். உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு உங்கக்கிட்ட எது பாரமா இருக்கோ, அதை எறக்கி வைங்க. யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. சொன்னீங்கன்னா அதுல பெருமை வந்து ஒட்டிக்கும்."

அடைக்கலத்துக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு முழந்தாளிட்டுச் சொன்னாள்: ஆண்டவரே, பாஸ்கா முடியுமட்டும் என் புருசனையும் புள்ளையையும் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டேன். அவரு உசுரு நிக்கட்டும்.

அன்று மத்தியானமே சோதனை வந்தது. அவன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சாப்புடுங்க. ஒடம்பு சரியாவணும்ல" என்றாள்.

பிலவேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். "என்னா புள்ள, புதுசா ங்க போடுற?"

"சும்மாதாங்க."

மாத்திரையைப் போட்டுக்கொண்டான். ஆனால் சிரிக்கவில்லை.

நாட்கள் ஓடின. அவளுக்கு முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. நாக்கு நுனியில் வந்ததை விழுங்கிவிட்டு மாதாவை நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் மனசு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் ஏன் இப்படி இருக்கத் தெரியவில்லை என்றுகூட நினைத்தாள். அவன் வரவர அமைதியாகிக்கொண்டு வந்தான். தன் மாற்றத்தால் வீட்டுக்கே ஒரு சாந்தி வந்திருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் மறுபடி அரியலூர் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, காற்று முகத்தில் அடிக்காமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் ஐந்து நிமிஷம் பேசினார்.

"இங்க குடுக்கற மருந்து போதலம்மா. தஞ்சாவூர்ல சேத்துடுங்க, எழுதித் தரேன். ஆறு மாசம் அங்க இருந்தார்னா எழுந்து நடமாடிடுவார். நான் சொன்னா தலைய ஆட்டிட்டுப் போயிடறார். நீங்கதான் பிடிவாதமாக் கூட்டிட்டுப் போகணும்."

வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படிச் செய்ததே கிடையாது.

"தஞ்சாவூரு போவச் சொல்றாருங்க. போயிட்டு வந்துடலாங்க."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"டாக்டரு என்ன சொன்னாரு? நெசத்தச் சொல்லு."

"ஒண்ணும் இல்லங்க. சரியாப் போயிடும்னாரு."

"அப்பறம் எதுக்குத் தஞ்சாவூரு?"

"போனா நல்லதுன்னாருங்க."

திரும்பி வரும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கினான்.

அதற்குப் பிறகு மூன்று தடவை அவள் தஞ்சாவூர்ப் பேச்சை எடுத்தாள். மூன்று தடவையும் அவன், "இங்கயே இருக்கேனே அடைக்கலம்" என்றான். மூன்றாவது தடவை, "உங்க இஷ்டங்க" என்று எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை. பழைய மாதிரி ஒரே ஒரு வார்த்தை. 'கெளம்புறியா, இல்ல இழுத்துப் போட்டு பஸ்ஸுல ஏத்தவா?' கேட்டிருந்தால் மறு பஸ்ஸில் ஏறியிருப்பான். அது அவளுக்குத் தெரியும்.

தெரிந்துதான், பாவத்தைச் சொல்லி முழந்தாளிட்ட பாவசங்கீர்த்தனத்தில் ஊர்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டாள்.

"சாமி, என் தீர்மானத்த ஒரே ஒரு நாள் ஒத்திவெச்சிக்கவா?"

"ஏம்மா?"

"அவர ஆஸ்பத்திரியில சேக்கணும் சாமி. நல்லபடியாச் சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. ஒருதரம் திட்டினாப் போதும். கெளம்பிடுவாரு."

கம்பிச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார் மெல்லச் சிரித்தது கேட்டது. கேலியான சிரிப்பு இல்லை. பிரியமான சிரிப்புதான். "திட்டினாத்தான் கேப்பாருன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டா எப்படி? சோதனை இந்த மாதிரி நல்ல காரணத்தோடதாம்மா வரும். இன்னும் ரெண்டு மூணு வாரம்தானே? பொறுமையாச் சொல்லிப் பாரு. ஆண்டவர் அவரு மனசத் தெறப்பார்."

அது இருபத்தெட்டாம் நாள். இன்றைக்கு முப்பத்தாறு.

குளிப்பாட்டி உடுத்திய உடலைக் கூடத்தில் பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி. உபதேசியார் பாடுபட்ட சுருபச் சிலுவையை அவன் கைகளுக்கிடையில் வைத்துவிட்டு ஜெபமாலை தொடங்கினார். வாசலில் தச்சர் பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். அடைக்கலத்தின் அண்ணன் வரதராசன்பேட்டையிலிருந்து வரவேண்டும். அதற்கப்புறம் எடுப்பதாகப் பேச்சு.

பதினோரு மணிபோல நல்லுசாமி வந்தான். குவாரியில் பிலவேந்திரனோடு ஒரே மிஷினில் துளை போட்டவன். பிலவேந்திரனைவிட ஏழெட்டு வயது சின்னவன். பிலவேந்திரன் படுக்கையில் விழுந்த பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாலையைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பெண்கள் ஜெபம் முடித்து வெளியே எழுந்து போனபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி" என்றான். "ஒண்ணு சொல்லணும். இன்னக்கி சொல்லலாமா வேணாமான்னு தெரியல."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன் கடைசி ஒரு மாசம் சந்தோசமாத்தான் இருந்தாரு. நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி உருகுனாரு. ஒரு கோவம் இல்ல, ஒரு சுடுசொல்லு இல்ல. கண்ணாடிச் சாமானப் பிடிக்கற மாதிரி என்னயப் பிடிக்கிறா நல்லுன்னாரு."

அடைக்கலம் மெழுகுவத்தியின் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அதுலதான் அவருக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணி."

"என்னா தெரிஞ்சு போச்சு?"

"டாக்டரு கைய விரிச்சிட்டாருங்கறது. அடைக்கலம் திட்டறத நிறுத்திட்டா, அப்ப என் கதை முடிஞ்சு போச்சு நல்லுன்னு மொத வாரமே சொன்னாரு. நான் அடிச்சுப் பேசுனேன், அப்படியெல்லாம் இருக்காதுண்ணேன்னு. அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னக்கி, கையப் புடிச்சிக்கிட்டாடா, இனிமே சந்தேகமே இல்லன்னுட்டாரு."

இழைப்புளி சத்தம் வாசலில் ஏறி ஏறி இறங்கியது.

"தஞ்சாவூரு போவச் சொல்லி நானும் எவ்வளவோ கேட்டேன். அங்க போனா தெரியாத கட்டில்ல தனியாக் கெடக்கணும். இருக்கற நாளு அவ பக்கத்துலயே இருந்துட்டுப் போயிடறேன்னாரு. அவ எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்டா, பாவம், தாங்க மாட்டான்னாரு. போன வாரம் நீங்க அடைக்கலமாதா கோயிலுக்குப் போயிருந்தப்ப, என்னைய சைக்கிள்ல கூட்டிட்டுப் போவச் சொல்லி, கன்னியாஸ்திரீங்க போர்டிங்குல தெரேசுக்கு இடம் கேட்டுட்டு வந்தோம். இருமி இருமி, வழியில நாலு எடத்துல உக்காந்து உக்காந்து போனோம். சிஸ்டரு சரின்னுட்டாங்க. இத உங்கக்கிட்ட சொல்லிடணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

அடைக்கலம் திரும்பினாள். "டாக்டரு அப்படிச் சொல்லல தம்பி."

"என்ன அண்ணி?"

"ஆறு மாசம் அங்க இருந்தா எழுந்து நடமாடிடுவாருன்னுதான் சொன்னாரு."

நல்லுசாமி அவளைப் பார்த்தான். பெஞ்சில் கிடந்தவனை ஒரு தடவை பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாகும்வரை தீராத ஏதோ ஒன்றைத் தூக்கியவன்போலக் கைகளை ஊன்றி எழுந்து வெளியே போனான்.

அவள் அங்கேயே நின்றாள். பிலவேந்திரனின் மீசையில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, சட்டையிலிருந்து வந்தது. குனிந்து எடுத்தாள். மொத வாரமே. ஒவ்வொரு 'ங்க'வும். தான் விழுங்கிய ஒவ்வொரு வார்த்தைக்கும் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு படுத்த ஒவ்வொரு நாளும், பக்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, போய்ச் சேருகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் பயப்படக் கூடாதென்று.

செல்லக்கண்ணு உள்ளே வந்தாள். "அடைக்கலம், தெரேசு காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கொல்லையில உக்காந்திருக்கா. நீ போயி ரெண்டு வாயி குடுத்துட்டு வா. நாங்க பாத்துக்கறோம்."

செல்லக்கண்ணு கொடுத்த கஞ்சிக் கிண்ணத்தோடு கொல்லைப் பக்கம் போனாள். துவைக்கிற கல்லின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தெரேசு. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"ரெண்டு வாயி குடிச்சிக்க கண்ணு."

"வேணாம்."

"மயக்கம் வந்துடும் கண்ணு. கோயிலு வரைக்கும் நடக்கணும்ல."

"கண்ணுன்னு சொல்லாதம்மா."

அடைக்கலம் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்பாக்கிட்டயும் இப்படித்தான் பேசுன. எனக்குப் பயமா இருக்கு." தெரேசு முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். "அப்பாவக் கேட்டேன், ஏம்பா அம்மா திட்டவே மாட்டேங்குதுன்னு. அம்மாவுக்கு வயசாவுதுல்ல, சாந்தமாயிடுச்சின்னு சொன்னாங்க. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. என்னையும் அப்படிப் பேசாதம்மா. எனக்கு என்னாச்சு? எனக்கு ஒண்ணும் இல்லயில்ல?"

"ஒனக்கு ஒண்ணும் இல்லடி" என்றாள் அடைக்கலம். குரல் உடைந்து, அவளுக்கே அடையாளம் தெரியாத சத்தமாக வந்தது. "ஒண்ணும் இல்லடி."

கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்தாள். மகளின் பின்னால் உட்கார்ந்து சிக்கைப் பிரிக்கத் தொடங்கினாள். சீப்பு இல்லை. விரலாலேயே பிரித்தாள். வலித்திருக்கும், தெரேசு தலையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு சடை பின்னி முடித்து, தன் தலையிலிருந்த கறுப்பு நாடாவை அவிழ்த்துப் பாதியாகக் கிழித்து இரண்டிலும் கட்டினாள். அதன் பிறகு பெண் தானாகவே கஞ்சியை எடுத்துக் குடித்தாள். அடைக்கலம் அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஒன்றரை மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டார். கோயிலில் துக்க மணி விட்டுவிட்டு அடித்தது. பெட்டியை நல்லுசாமியும் குவாரி ஆட்களும் தூக்கினார்கள். பீடத்தில் சுருபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. குருத்து ஞாயிற்றுக்கு இன்னும் நாலு நாள்தான். அடைக்கலம் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து மாதா நிற்கிற இடத்தைப் பார்த்தாள். துணியின் மடிப்பு மட்டும் தெரிந்தது.

பங்குச் சாமியார் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் பங்கு. இளவயசு. பூசையில் அவர் நிதானமாகத்தான் பேசினார். பிலவேந்திரன் அதிகம் பேசாத நல்ல மனுஷன் என்றார், மாதா கெபி கட்டக் கல் கொண்டுவந்து கொடுத்தவர் என்றார். "கடைசி நாட்களில் அவருடைய நோயில்..." என்று ஆரம்பித்தவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அடைக்கலத்தின் கண் அவர்மேல் இருந்தது. வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. புத்தகத்தைப் புரட்டினார். வேறு பக்கம் எடுத்து, அதற்குப் பிறகு புத்தகத்தில் இருந்ததை மட்டும் வாசித்தார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்குக் கிழக்கே, குவாரிக்குப் போகிற பாதையோரம். செம்மண்ணுக்குக் கீழே இரண்டடியில் சுண்ணாம்பு தட்டிவிடும். குழி வெட்டியவர்கள் கடப்பாரையால் உடைத்து எடுத்த வெள்ளைக்கல் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தெரேசு போட்ட பிடியில் பாதி காற்றில் போயிற்று. மண்ணை மூடி, மேடு கட்டி, மரச்சிலுவையை ஊன்றினார்கள். உபதேசியார் கடைசி ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் கூட்டம் கலைந்தது. அண்ணன் தெரேசின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் நின்றார்.

சாமியார் போகவில்லை. தீர்த்தச் சொம்பைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவராக வாய் திறந்து பேச முடியாது. அவளாகப் பேச்சை எடுத்தால்தான் உண்டு. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அடைக்கலமேரி" என்றார். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் நிமிர்ந்தாள். வெயிலில் அவர் முகம் சிவந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வியர்வை கோடாக இறங்கியது. மீசைகூடச் சரியாக அடர்த்தியாகவில்லை. நல்லுசாமி சொன்னது அத்தனையும் அவள் தொண்டை வரை வந்தது. இதைச் சொன்னால் இவர் என்ன செய்வார்? இனி யார் சல்லடைக்கு முன்னால் வந்து முழந்தாளிட்டாலும் இவர் காதில் என்ன கேட்கும்?

"ஒண்ணும் இல்ல சாமி."

"நிச்சயமா?"

"நீங்க போங்க சாமி. வெயிலா இருக்கு. தலையில எதாச்சும் போட்டுக்கிட்டு நடங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வரேன்" என்றார்.

"வாங்க சாமி."

போனார். அங்கியைத் தூக்கிப் பிடிக்காமலே போனதால் ஓரமெல்லாம் செம்மண் அப்பியது.

குவாரிப் பக்கம் ஊதல் சத்தம் கேட்டது. வேலிப் பக்கம் நின்றிருந்த நல்லுசாமி பாதை வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகம் சுண்டியிருந்தது.

"வெடி வெக்கப் போறானுங்க அண்ணி. இன்னக்கி ஒரு நாளு நிறுத்துங்கடான்னு காலையிலயே சொன்னேன். மேஸ்திரி கேக்கல." தயங்கினான். "ஏழு குழி இன்னக்கி, ஏழு வெடி."

"பரவால்ல தம்பி."

முதல் வெடி வெடித்தது. தரை ஒருமுறை உதறி அடங்கியது. புதிதாய்க் கட்டிய மேட்டின் தலைப்பக்கத்திலிருந்து மண் பொலபொலவென்று சரிந்து அவள் காலடிக்கு வந்தது. அடைக்கலம் உட்கார்ந்தாள். சரிந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மேலே வைத்துத் தட்டினாள். இரண்டாவது வெடிக்கு இந்தப் பக்கம் சரிந்தது. அதையும் அள்ளிப் போட்டாள். தெரேசு மாமாவின் கையை விட்டுவிட்டு வந்து, மறுபக்கம் மண்டியிட்டு, வெள்ளைக்கல் சில்லுகளைப் பொறுக்கி எறிந்தாள். மூன்று. நான்கு. வெள்ளைப் புழுதி கிழக்கிலிருந்து எழும்பி மெதுவாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஐந்து. ஆறு.

அதன் பிறகு நெடுநேரம் சத்தமில்லை.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றாள் தெரேசு.

அடைக்கலம் தலையசைத்தாள். உள்ளங்கைகள் இரண்டையும் மேட்டின்மேல் அழுத்தி வைத்தபடி காத்திருந்தாள்.